கடைமடையில் ஒரு ஏக்கர்

ஐப்பசி மாதம், காலை எட்டு மணி இருக்கும். நாகை மாவட்டம் தலைஞாயிறு பக்கத்துச் சேரி ஒன்றின் கிழக்கே, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார் ஒரு அக்கா. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். முந்தைய நாள் இரவு முழுக்க மழை. மேட்டு வயல்களில் தண்ணீர் வடிந்து பயிரின் தலை தெரிந்தது. அக்காவின் வயலில் தலை தெரியவில்லை.

“மழை எவ்வளவு பேஞ்சதுன்னு ரேடியோவுல கேக்க வேணாம் தம்பி. எங்க வயலைப் பாத்தா போதும். ஊர்ல பேஞ்ச மழையெல்லாம் கடைசியா இங்கதான் வந்து நிக்கும்” என்றார்.

“இந்தத் தண்ணிக்கு என்னக்கா பண்ணுவீங்க?” என்று கேட்டோம்.

“பாதி வயல்ல போட்டுருக்கறது தண்ணி தாங்குற நெல்லு. பத்து நாளு முங்குனாலும் எந்திரிச்சிரும். மீதிப் பாதி போனா மேட்டுல நாத்து வச்சிருக்கேன். அதுவும் போச்சுன்னா உளுந்து. அதுவும் போச்சுன்னா…” சொல்லி முடிக்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

பருவநிலை மாற்றம் என்று மாநாடுகளில் பேசுகிறார்கள். அந்தச் சொல்லை அக்கா கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதற்கு ஈடுகொடுக்க மூன்று அடுக்குத் திட்டம் அவரிடம் இருக்கிறது. அந்தத் திட்டம் எங்கே பலிக்கிறது, எங்கே சாதி வந்து அதன் கையைப் பிடிக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

நிலம் வந்த கதை

1968 டிசம்பர் 25 இரவு. கூலியை அரைப்படி உயர்த்திக் கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அந்தத் தீயின் வெளிச்சத்தில்தான் கீழத்தஞ்சையின் நிலக்கணக்கை நாடு பார்த்தது. உழைத்தவனுக்கு நிலமில்லை, நிலமிருந்தவனுக்கு உழைப்பில்லை. அதன் பிறகு இங்கு வந்து தங்கி வேலைசெய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்காரர்களிடம் பேசி, விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பத்துப் பெண்கள் பெயரில் ஏறத்தாழ ஒரு ஏக்கர் வீதம் பதிவு செய்து கொடுத்தார்கள். பல ஆயிரம் குடும்பங்களுக்கு நிலம் வந்தது. கூலியாக இறங்கிய வயலில் சொந்தக்காரியாக இறங்கிய பெண்கள் இன்றும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள்.

அக்காவின் ஒரு ஏக்கரும் அப்படி அவர் மாமியார் பெயருக்கு வந்ததுதான். அதோடு ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலமும் உழுகிறார். குத்தகைக்குப் பத்திரம் கிடையாது. வாய்ச்சொல்தான்.

ஒரு ஏக்கர் என்பது சிறிய விஷயம் அல்ல. நாட்டில் பட்டியல் சமூகத்தவர் 2011 கணக்கெடுப்பின்படி 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நில உடைமைகளில் அவர்களிடம் இருப்பது சுமார் 12 சதவீதம். பரப்பளவில் பார்த்தால் 9 சதவீதத்துக்கும் குறைவு. திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர், நாகையில் நூற்றுக்கு 31 பேருக்கு மேல் நம் மக்கள். வயலில் குனிந்து நிற்கும் முதுகுகளை எண்ணினால் இதைவிட அதிகம் வரும். பட்டாக்களை எண்ணினால் மிகக் குறைவாக வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்குக் கிடைத்த நிலம் பெரும்பாலும் யாரும் விரும்பாத நிலம். வாய்க்காலின் கடைசியில் இருக்கும். பள்ளமாக இருக்கும். உப்பு ஏறியிருக்கும். தண்ணீர் வேண்டும்போது கடைசியாக வரும். வேண்டாதபோது முதலில் வரும்.

வானமும் மேட்டூரும்

“எங்க மாமியா காலத்துல ஆடியில விதைக்கலாம், தையில அறுக்கலாம்னு ஒரு கணக்கு இருந்துச்சு. இப்ப வானம் ஒரு கணக்கும் வச்சிக்கறதில்ல” என்கிறார் அக்கா.

அவர் சொல்வதை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கலாம். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. டெல்டாவில் காய்ந்த பயிரைப் பார்த்து உயிரை விட்ட விவசாயிகளை நாம் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே 2018 நவம்பர் 16இல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. 2020 டிசம்பரில் புரெவி மழை. அது வடிவதற்குள் 2021 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், அறுவடைக்கு நின்ற சம்பாவின் மேல் பெருமழை. கதிரிலேயே நெல் முளைத்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும் அதே கதை. அதே ஆண்டு ஜூன் 12இல் திறந்த மேட்டூர் அணை, தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10இல் மூடப்பட்டது. 2024இல் அணை திறந்தது ஜூலை 28இல்.

ஏழெட்டு ஆண்டுக்குள் வறட்சி, புயல், வெள்ளம், பருவம் தப்பிய மழை, வராத ஆற்றுத் தண்ணீர் என்று அத்தனையும் ஒரே வயலுக்கு வந்திருக்கின்றன. பத்து ஏக்கர்காரருக்கு இதில் ஒன்று நஷ்டம், ஒன்று லாபம் என்று சரிக்கட்டிக்கொள்ள இடமிருக்கிறது. ஒரு ஏக்கர்காரருக்கு ஒரு போகம் போனால் அடுத்த போகத்துக்கு விதையே இல்லை.

விதையில் இருக்கும் அறிவு

அக்காவின் வயலில் ஒரு பாதியில் இருந்தது சி.ஆர்.1009 சப்-1. டெல்டாவில் பொன்மணி என்று பழகிய அதே சி.ஆர்.1009தான். அதில் வெள்ளம் தாங்கும் ஒரு மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். சாதாரணப் பயிர் தண்ணீரில் மூழ்கினால் மூச்சுக்காக மேலே மேலே நீளும். நீண்டு நீண்டு சேமித்த சத்தையெல்லாம் தீர்த்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். சப்-1 பயிர் அப்படி நீளாது. அடங்கிக் கிடக்கும். இரண்டு வாரம் வரை தாங்கி, தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். இந்த மரபணு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒடிசாவின் பள்ளக்கால் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வகம் கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்த நெல் ஒரு ஏழை உழவரின் குதிரில் இருந்தது.

மறுபாதியில் குழியடிச்சான். உப்பு நிலத்தைத் தாங்கும் நாட்டு நெல். இந்தக் கடற்கரை ஓரத்தில் உப்பு ஒன்றும் புதிதல்ல. 1990களில் வயல்களை இறால் குட்டைகளாக்கியபோது, சுற்றியிருந்த நிலமும் குடிநீரும் உப்பாயின. அதை எதிர்த்து ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11இல் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2004இல் ஆழிப்பேரலை. மறுபடி உப்பு. அந்த நிலங்களைத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும், ஜிப்சம் போட்டும், மழைத் தண்ணீரைக் கட்டி வடித்தும்தான் நம் மக்கள் மீட்டார்கள்.

குழியடிச்சான், காட்டுயானம் போன்ற நெல்கள் கைவிட்டுப் போகாமல் இருந்ததற்குத் திருத்துறைப்பூண்டியின் நெல் ஜெயராமனுக்கு நன்றி சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் அவர் இறக்கும்வரை 174 பாரம்பரிய நெல் வகைகளைச் சேகரித்திருந்தார். நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினால் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. கையில் காசில்லாத உழவருக்கு இதைவிட நல்ல விதை வங்கி எது?

நாற்றா, நேர் விதைப்பா?

ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால், கடைமடையில் நாற்று விட்டு நடுவது குறைந்துவருகிறது. கோடையிலேயே உழுதுபோட்டு, புழுதியில் நேரடியாக விதைத்து, ஆவணி, புரட்டாசி மழையில் முளைக்க வைக்கிறார்கள். நாற்றங்காலுக்கும் சேறடிக்கவும் வேண்டிய தண்ணீர் மிச்சம். ஐப்பசி வெள்ளம் வருவதற்குள் பயிர் ஓரளவு வேர்பிடித்துவிடும். வேளாண் துறையும் இதையே பரிந்துரைக்கிறது. நல்ல முறைதான்.

ஆனால் ஒரு கணக்கை எந்தப் பயிற்சி முகாமிலும் யாரும் சொல்வதில்லை. ஒரு ஏக்கர் நடவு என்றால் பதினைந்து இருபது பெண்களுக்கு ஒரு நாள் வேலை. அந்தப் பெண்கள் யார்? சேரிப் பெண்கள். நேர் விதைப்பில் நடவு இல்லை. களைக்கொல்லி தெளித்தால் களையெடுப்பும் இல்லை. அறுப்புக்கு இயந்திரம் வந்து வெகுநாள் ஆகிறது.

அக்கா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “என் வயல்ல நட்டுக் காட்டணும்னா தண்ணி இல்ல. விதைச்சா எனக்கு லாபம். ஆனா நானே நாலு பேரு வயல்ல நடப் போனவதானே? அந்தக் கூலி போச்சு. இடது கையில வாங்கி வலது கையில குடுத்த மாதிரி.”

உழவராக அவர் மிச்சம் பிடித்ததைக் கூலியாக அவர் இழக்கிறார். நிலமே இல்லாத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இழப்பு மட்டும்தான். பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப விவசாயம் மாற வேண்டும் என்று சொல்கிறவர்கள், மாறும்போது வேலை போகிறவர்களுக்கு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும்.

தண்ணீர் வடிய வழி கேட்டு

வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு போன்றவற்றைத் தூர்வாரிக் கரை பலப்படுத்தும் பருவநிலை மாற்றத் தழுவல் பணிகள் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடந்தன. ஆறு அகலமானது நல்லது. ஆனால் அக்காவின் வயலிலிருந்து ஆறு வரை போக வேண்டிய சின்ன வடிகால்? அது ஊர்க்காரர் ஒருவரின் வயலோரமாகப் போகிறது. நாலடி அகலம் இருந்தது இப்போது ஒன்றரை அடி. வரப்பை நகர்த்தி நகர்த்தி வாய்க்காலைத் தின்றுவிட்டார்கள். வெட்டிவிடப் போனால் “யாரைக் கேட்டு வெட்டுற?” என்ற கேள்வி வருகிறது. வடிகால் புறம்போக்கு அரசுக்குச் சொந்தம். ஆனாலும் மழை கொட்டும் இரவில் சேரி ஆட்கள் மண்வெட்டியோடு போய் அனுமதிக்காக நிற்க வேண்டியிருக்கிறது.

இரண்டு நாள் தாமதம் போதும். சப்-1 நெல் தாங்கும். குழியடிச்சான் உப்பைத் தாங்கும், நாள்கணக்கில் மூழ்கினால் தாங்காது. விதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வடிகால் இல்லாத வயலில் அது எத்தனை நாள் போராடும்?

அதனால்தான் அக்காவும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து வாடகைக்கு இன்ஜின் எடுத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். கோயில் திடலின் மேட்டில் பொது நாற்றங்கால் விட்டிருக்கிறார்கள். யார் வயலில் பயிர் கரைகிறதோ அவருக்கு அந்த நாற்று. நன்றாகத் தூர்கட்டிய பயிரைக் கலைத்து நடுவதும் உண்டு. தை அறுப்புக்கு முன் நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் விதைத்து, பனி ஈரத்தில் விளைய வைக்கிறார்கள். அறுப்பு இயந்திரம் வரும் நாள் முன்கூட்டித் தெரிந்தால்தான் இது சரியாக அமையும். நாள் தவறினால் முளைத்த உளுந்து சக்கரத்தில் போய்விடும். இயந்திரம் சேரி வயலுக்குக் கடைசியாகத்தான் வருகிறது.

பெயர் இல்லாத உழவர்

பயிர் போனால் நிவாரணம் உண்டே என்பீர்கள். 2023 பிப்ரவரி மழைக்குப் பிறகு, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு எக்டருக்கு 20,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஏக்கருக்குச் சுமார் 8,000. அக்கா குத்தகைக்கு உழுத ஒன்றரை ஏக்கருக்கான பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போனது. அடங்கலில் அவர் பெயர்தானே இருக்கிறது. குத்தகை நெல்லையும் அவர் குறைக்கவில்லை. சொந்த ஏக்கருக்கோ, பட்டா இறந்துபோன மாமியார் பெயரில். வாரிசுச் சான்று, பெயர் மாற்றம் என்று அலுவலகத்துக்கு நடந்த நாட்களில் கூலிக்குப் போயிருந்தால் அந்த 8,000 ரூபாயில் பாதியைச் சம்பாதித்திருப்பார்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே சிக்கல். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயி கட்ட வேண்டிய பங்கு. தாங்கக்கூடிய தொகையே. ஆனால் சிட்டா, அடங்கல் வேண்டும். அதெல்லாம் கொடுத்துக் கட்டினாலும், நெல்லுக்கு இழப்பீடு கணக்கிடுவது வருவாய்க் கிராம அளவில். கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுத்துப் பார்த்து, சராசரி மகசூல் எடுப்பார்கள். மேட்டு வயல்கள் நன்றாக விளைந்தால் சராசரி உயர்ந்துவிடும். சேரிப் பள்ளத்தில் ஒரு மூட்டைகூடத் தேறாமல் போனதை அந்தச் சராசரி மூடிவிடும். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில், நஷ்டத்தை மட்டும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் உதவித்தொகையும் நிலம் பெயரில் உள்ளவருக்கே. குத்தகைதாரருக்கு இல்லை. குத்தகை உரிமையைத் தாசில்தாரிடம் பதிய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று நிலத்துக்காரர்கள் அஞ்சுகிறார்கள். பதியக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று நம் மக்கள் அஞ்சுகிறார்கள். இரண்டு அச்சத்துக்கும் இடையில் சட்டம் கிடக்கிறது.

என்ன செய்யலாம்?

புலம்பி முடிக்க இந்தப் பத்தியை எழுதவில்லை. இன்றே செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, பட்டா. இறந்தவர்கள் பெயரில் இருக்கும் பட்டாக்களை உயிரோடு இருப்பவர்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மழைக்காலம் வந்த பிறகு ஓடக்கூடாது. சித்திரை, வைகாசியிலேயே முடிக்க வேண்டும். சேரியில் எத்தனை பட்டா இறந்தவர் பெயரில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அதிர்ச்சியாக இருக்கும்.

இரண்டாவது, சிறு குறு விவசாயி சான்று. வேளாண் கருவிகளுக்கான மானியத்தில் பட்டியல் சமூக, பழங்குடி சிறு குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாடு அரசு கூடுதலாக 20 சதவீதம் தருகிறது. சான்று இல்லாமல் கேட்க முடியாது. ஐந்து பேர் சேர்ந்தால் சொந்த இன்ஜின் வாங்கலாம்.

மூன்றாவது, நிலம். நிலமற்ற பட்டியல் சமூக விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, தாட்கோ வழியாக நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். கேட்காமல் வராது.

நான்காவது, வடிகால். கிராம சபையில் ‘வாய்க்கால் தூர்வார வேண்டும்’ என்று பொதுவாகப் பேசினால் பொதுவாகவே பதில் வரும். எந்தப் புல எண், எவ்வளவு நீளம், பதிவேட்டில் எத்தனை அடி, இப்போது எத்தனை அடி என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானமாக்க வேண்டும். சேரிப் பள்ளத்து வயல்களின் சேதத்தைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மாணவர்களைக் கூப்பிடுகிறோம். உங்கள் அம்மாவுக்கு விதை தெரியும், மண் தெரியும், மழை தெரியும். புல எண் தெரியாது. வருவாய்ப் பதிவேட்டில் எதை எங்கே பார்ப்பது என்று தெரியாது. அது உங்களுக்குத் தெரியும், அல்லது ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ளலாம். ஒரு நோட்டுப் போடுங்கள். வீடு வீடாகப் போய் நிலம் எவ்வளவு, பட்டா யார் பெயரில், குத்தகை எவ்வளவு, எந்த மழையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று எழுதுங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நாளை அதிகாரி வந்து “சேதமில்லையே” என்றால் அந்த நோட்டு பேசும்.

நாம் புறப்படும்போது அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். பரணில் ஒரு பானை, வாயில் சாணம் மெழுகி வைத்திருந்தது. உள்ளே அடுத்த ஆண்டுக்கான குழியடிச்சான் விதை, இரண்டு மரக்கால். கீழே அவர் பேத்தி, பன்னிரண்டாம் வகுப்பு, பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நம் பேச்சை வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

“வடிகால் புல நம்பர் என்ன பாட்டி?”

“அதெல்லாம் எனக்கு எங்கடி தெரியும்? நாளைக்கு விஏஓ ஆபீசுக்குப் போவோம், வா.”

விதைப் பானையும் நோட்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. கடைமடையின் எல்லா வீடுகளிலும் இப்படி இருக்க வேண்டும். அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதே எழுதத் தொடங்குவோம்.